‘விடு’ வரும் வரை

முதலில் கேட்டது குமிழிச் சத்தம். ஐஸ் கம்பெனிச் சந்தில் எந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் அது கேட்கும். பழைய ஜூஸ் பாட்டிலுக்குள் விட்ட ரப்பர் குழாய் வழியாகக் காற்று வந்து எண்ணெய்க்குள் குபுக், குபுக் என்று வெடிக்கிற சத்தம். அதற்கு முன்னால் ஒரு ஆண்குரல் மூன்று தடவை ‘அடி’ என்று சொல்லும், மூன்று தடவை பெடல் தரையைத் தொடும், பிறகு ‘பிடி’ என்று சொல்லும், பிறகு குபுக், பிறகு ‘விடு’. சந்தில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒன்று, இரண்டு படிப்பதற்கு முன்னால் இந்த வரிசையைப் படித்துவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ‘அடி’ மூன்றும் கேட்டன, ‘பிடி’ கேட்டது, ஒரு குபுக் கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மீன் அரிந்துகொண்டிருந்தவர்கள் கத்தியை மீன்மேல் வைத்தபடி காத்திருந்தார்கள், தும்மல் வரப்போகிறவன் காத்திருப்பதைப்போல.

‘விடு’ வரவில்லை.

ரெமிஜியுஸ் மெக்கானிக்கின் பட்டறை சந்தின் கடைசியில், அவர் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகை. பிரேக்கில் காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அடித்து அடித்து அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சக்கரத்தின் பக்கம் இருக்கிற சின்ன நிப்பிளை அரைத் திருகு திறந்து, காற்றை வெளியே விட்டு, திரும்ப மூட வேண்டும். மூடிய பிறகுதான் ‘விடு’ என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே போய்விடும். இருபத்தாறு வருஷமாக அடியில் படுத்தது ரெமிஜியுஸ், சீட்டில் உட்கார்ந்தது அவர் மனைவி செபமாலை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளை ஏற்றுகிற வேன் ஒன்றுக்குக் காற்று எடுத்தபோது ஒரு தப்பு நடந்தது. வண்டிக்கு அடியிலிருந்து வரும்போது ‘பிடி’யும் ‘விடு’வும் ஒன்றுபோலத்தான் கேட்கும், பேசுகிறவர் வாயில் திருகாணி இருக்கும், ரோட்டில் உப்பு லாரி போகும். நிப்பிள் மூடும் முன்பே அவள் காலை எடுத்தாள். அந்த வேனில்தான் அவர்களுடைய ஒரே மகள் ஆக்னஸும் போனாள். ரயில்வே கேட்டுப் பக்கம் வேன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆக்னஸ் ஒருத்திதான் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம், “நான் விடுன்னு சொல்லவே இல்ல” என்றார் ரெமிஜியுஸ்.

“சொன்னீய. என் காதால கேட்டேன்” என்றாள் செபமாலை.

அவர்கள் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சோறு போட்டால் தட்டின் சத்தம், போதும் என்றால் ஒரு கை, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு அவர் முன்னால் நடக்க அவள் பின்னால் நடக்க. ஆனால் காற்று எடுக்க அவர் வேறு யாரையும் சீட்டில் ஏற்றவில்லை, அவளும் வேறு யாரும் ஏற விடவில்லை; எனவே பதினொரு வருஷமாக அந்த வீட்டில் புழங்கிய சொற்கள் மூன்று, மூன்றையும் சொன்னது அவர், பதில் சொன்னது அவள் கால்.

அந்தச் சனிக்கிழமை பட்டறையில் நின்ற வண்டி கப்ரியேலுடையது. கப்ரியேல் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிறவர், சந்து மீன்காரிகளுக்கும் விற்கிறவர், வண்டி அவருடைய அப்பா காலத்து ஃபார்கோ பிக்கப், மூக்கு நீண்டு, கண் இரண்டும் தவளைபோலப் பிதுங்கி, பின்னால் பலகை அடித்தது. அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் கப்ரியேலின் வலது தோள் இரண்டு தடவை கழன்றுவிட்டது. பிரேக்கோ, மிதித்த பிறகு யோசித்துத்தான் நிற்கும்.

“வண்டிய வித்துட்டு புதுசு எடும்யா” என்று எல்லாரும் சொன்னார்கள்.

“எங்கப்பா செத்தப்போ நான் அழல வே. இது போச்சுன்னா அழுதுருவேன், அப்புறம் ஊரு என்ன சொல்லும்?” என்றார் கப்ரியேல். ரெமிஜியுஸிடம் வந்து, “ஒத்த விரல்ல திருப்பணும், பொடி டப்பா திறக்குற மாதிரி. மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்கணும். செஞ்சு தாரும்” என்றார்.

ரெமிஜியுஸ் இரண்டு மாசம் செய்தார். காயலான் கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு ஜீப்பின் பவர் ஸ்டியரிங்கை, பம்போடும் குழாய்களோடும், பிரசவம் பார்க்கிறவர்போல ஒன்றும் அறுபடாமல் வெளியே எடுத்தார். அதே ஜீப்பின் முன்சக்கர டிஸ்க் இரண்டையும் எடுத்தார். ஃபார்கோவின் அச்சுக்கு அது உட்காராததால் கனத்த இரும்புத் தகட்டில் தாங்கி வெட்டி, உட்கார்த்தி, நூலளவு கோணல் என்று தூக்கிப் போட்டு, மறுபடி வெட்டி, மறுபடி தூக்கிப் போட்டு, மூன்றாவதில் உட்கார்த்தினார். அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொண்டார், கிரீஸ் படிந்த கையால் தடவியதால் சட்டையில் அந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது, துவைக்கிறபோது செபமாலை அதைப் பார்த்தாள், கேட்பதற்கு அந்த வீட்டில் சொல் இல்லை. கடைசியில் காற்று எடுக்கிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது. பின்சக்கரம் இரண்டும் முடிந்து, முன்சக்கரத்தில் இடது பக்கத்துக்கு வந்தபோது மணி நாலு.

முதலில் எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டு மீன்காரி சலேத்தம்மாள்.

“ஏட்டி செபமாலை, ‘விடு’ எங்கட்டி?”

“இன்னும் சொல்லல.”

“என்ன செய்யுதாரு?”

“தெரியல. நீயே குனிஞ்சு பாருக்கா, நான் காலை எடுக்கக் கூடாது.”

சலேத்தம்மாள் குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் எப்போதும்போல இருந்தன. உள்ளே, ஸ்பேனர் பிடித்த கை நிப்பிள்மேல் இருந்தபடி இருந்தது. பாட்டிலுக்குள் ஒரு குமிழி, எண்ணெயில் பாதி ஏறி, பாதியில் நின்றிருந்தது. வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தபடியே நின்றிருந்தது. “மெக்கானிக்கு அண்ணே” என்று தோளைத் தொடக் கையை நீட்டினாள், முழங்கை வரைக்கும் கை மரத்துப் போனது, எடுத்துவிட்டாள்.

நாலு ஆண்கள் வந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். மின் கம்பத்தை இழுத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து, தரையில் முட்டிபோட்டு, கணுக்காலில் விரல் வைத்து, ஒரு பாட்டுக்கு ஆகிற நேரம் இருந்துவிட்டு எழுந்தார்.

“ஒரு துடிப்பு முடிஞ்சிருக்கு, அடுத்தது வரல. மாரடைப்பு, பெருசு. அந்த அம்மா மிதிச்சுப் பிடிச்சிருக்கறதால எல்லாம் அப்படியே நிக்குது. காலை எடுத்தா அடுத்தது வரும், ஆனா ரெண்டு மூணுக்கு மேல தாங்காது.”

“எடுக்கலன்னா?” என்றார் கப்ரியேல்.

“எடுக்கலன்னா இப்படியே இருப்பாரு.”

எல்லாரும் செபமாலையைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடிக்கு வெளியே தகரக் கொட்டகையின் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவரு விடுன்னு சொல்லட்டும்” என்றாள்.

கப்ரியேல் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்தார், பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால் போதும், மெக்கானிக் எல்லாரும் செய்கிறதுதான். கட்டை பெடலைத் தொட்டதும் பாட்டிலில் குமிழி நடுங்கியது என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். செபமாலை கட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

“கட்டைக்குக் காது இருக்கா? விடுன்னா அதுக்குக் கேக்குமா?”

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வண்டிக் கதவைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினார்கள், பெண்கள் முறைபோட்டு வாளி எடுத்து வந்தார்கள், கஞ்சியும் துவையலும் எடுத்து வந்தார்கள், முதுகுக்கு ஒரு தலையணையும் கழுத்துக்கு ஒரு தலையணையும் கொடுத்தார்கள், அவள் உட்கார்ந்தபடி சாப்பிட்டு உட்கார்ந்தபடி தூங்கினாள். கால் முதல் நாள் வலித்தது, மூன்றாம் நாள் எரிந்தது, ஐந்தாம் நாள் மரத்தது, அதற்குப் பிறகு மரமாகவே நின்றது, மரத்துக்கு ஓய்வு தேவையில்லை. பங்குச் சாமியார் வந்து, உள்ளே போக முடியாததால் வெளியே நீட்டிய பாதங்களில் எண்ணெய் பூசிவிட்டுப் போனார். வார்டு ஆபீஸ் கிளார்க் பெரிய நோட்டோடு வந்து, இருக்கிறவர் பக்கம் ஒன்று, இல்லாதவர் பக்கம் ஒன்று, நடுவில் கட்டம் இல்லையே என்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினார். எட்டாம் நாள் மெக்கானிக்கின் செருப்பைக் கழற்றி வைத்தார்கள், பத்தாம் நாள் அந்தக் கால்களைத் தாண்டித் தாண்டிப் போகப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, இரண்டாம் வாரம் அவற்றின்மேல் துண்டு காயப்போட்ட ஒருத்தியைச் சலேத்தம்மாள் வைதாள்.

சலேத்தம்மாள்தான் அந்த இடத்தின் உபயோகத்தைக் கண்டுபிடித்தாள். விற்காமல் மிஞ்சிய சீலா மீன் நாலை, கோபத்தில், ஒரு தட்டில் வைத்து வண்டிக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் கொக்கியால் இழுத்தபோது மீன் கடலிலிருந்து வந்த அதே கண்ணோடு இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் சந்திலிருந்த மீன்காரிகள் எல்லாரும் தட்டும் கொக்கியுமாக வந்தார்கள். பிறகு பால் வந்தது, மாவு வந்தது, கல்யாண வீட்டு மாலை வந்தது. துபாய்க்குப் போன மகன் குடிக்காமல் விட்டுப்போன காப்பியை, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று, டம்ளரோடு கொண்டுவந்து தள்ளினாள் ஒரு அம்மா. அதை யாரும் இழுக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

கப்ரியேல் தினமும் காலையில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பார்.

“என் வண்டி, என் தொழிலக் கெடுக்குது. ஒருத்தியும் ஐஸ் வாங்க வரமாட்டேங்கா.”

“நீரு ஐஸக் கொண்டாந்து இதுக்கு அடியில வையும், உருகாது” என்றாள் சலேத்தம்மாள்.

“உருகாத ஐஸ வச்சு நான் என்ன செய்ய? உருகுனாத்தான எனக்கு வேலை.”

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். “தங்கச்சி, வண்டிக்காகக் கேக்கல. நீ எத்தன நாளைக்கு இப்படி இருப்ப?”

“அவரு பிடின்னு சொல்லியிருக்காரு அண்ணே. நான் பிடிச்சிருக்கேன்.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும். எடுத்தா போயிருவாரு. போன தடவ எடுத்தேன், ஒருத்தி போயிட்டா.”

அதை அவள் இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலத்தான் சொன்னாள். கப்ரியேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாடகை ஆட்டோவில் ஐஸ் ஏற்றப் போனார், இடது தோளால் பாரம் தூக்கப் பழகியிருந்தார். இருபத்துமூன்று நாள் இப்படிப் போனது. மழை ஒரு தடவை பெய்தது, கொட்டகைக்குள் ஓடிவந்த தண்ணீர் வண்டியின் நிழல் தொடங்குகிற இடத்தில் கண்ணாடிக் கரைபோல நின்றது. யாரும் அதைப் பார்ப்பதற்கென்று வரவில்லை, எல்லாருக்கும் வேலை இருந்தது.

இருபத்துநாலாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சலேத்தம்மாள் தட்டை உள்ளே தள்ளிக்கொண்டே, தரையில் கன்னம் படக் குனிந்தபடி, தினமும் பேசுவதைப்போலப் பேசினாள்.

“ஏட்டி, உன் புருஷன் இன்னும் உதட்டக் கடிச்சிட்டே கெடக்காரு. ஒரு நாளாவது அந்தப் பல்ல எடுப்பாரான்னு பாக்கேன். யாரு மேல கோவமோ.”

“என்ன சொன்ன?”

“கீழ் உதட்டக் கடிச்சிட்டுக் கெடக்காருன்னேன். மேல் பல்லு நல்லாப் பதிஞ்சிருக்கு.”

“மொதல் நாள்லருந்தா?”

“மொதல் நாள்லருந்துதான். வலி தாங்கத்தான் கடிக்காருன்னு நெனச்சேன். என்னட்டி?”

 செபமாலை டிரைவர் தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள், அதில் தன் வாயைப் பார்த்தாள். சத்தம் இல்லாமல் ‘பிடி’ என்றாள். உதடு இரண்டும் மூடித் திறந்தன, பல் தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் மூடித்தான் திறந்தன. பிறகு ‘வி’ என்று ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்தினாள். மேல் பல் கீழ் உதட்டில் உட்கார்ந்திருந்தது.

அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ தேங்காய் உடைத்தார்கள், உப்பு லாரி ஒன்று போனது, அடுத்தது போனது. இருபத்துமூன்று நாளாக எல்லாரும் குமிழியைப் பார்த்தார்கள், கணுக்காலைப் பார்த்தார்கள், எறும்பைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள். வாயைப் பார்த்தது தட்டு தள்ளுகிற சலேத்தம்மாள் ஒருத்திதான், அவளும் கடிப்பதாக நினைத்துவிட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொல்லின் மறுபாதியை வாய்க்குள் பிடித்து வைத்திருப்பது தன்னுடைய கால். வேன் நாளிலும் யாராவது குனிந்து அவர் வாயைப் பார்த்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்த வழியே போனது.

“எக்கா.”

“சொல்லு.”

“தட்ட எல்லாம் எடுத்துரச் சொல்லு.”

“ஏன், வண்டியக் கழுவப் போறியா?”

“விடப் போறேன்.”

சலேத்தம்மாள் கொக்கியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். சந்துக்குள் போய் ஒவ்வொரு வாசலிலும் மெதுவாகச் சொன்னாள். மீன் தட்டுகளும் பால் குவளைகளும் மாவுச் சட்டியும் வெளியே வந்தன. துபாய்க்காரனின் அம்மா டம்ளரை இழுத்து, ஆவி பறக்கிற காப்பியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, நின்றபடியே குடித்தாள். கப்ரியேல் ஐஸ் ஏற்றிய ஆட்டோவை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா வந்து கணுக்காலில் விரலை வைத்தார். கொட்டகையில் நாற்பது பேர் நின்றார்கள்.

செபமாலை காலை எடுக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. அது யாருடையதோ ஒன்றுபோல பெடல்மேல் இருந்தது. அவள் குனிந்து, இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே பிடித்து, விறகு தூக்குவதைப்போலத் தூக்கினாள்.

குபுக் என்றது பாட்டில்.

“டு” என்றார் ரெமிஜியுஸ்.

எல்லாருக்கும் கேட்டது. தெளிவாகக் கேட்டது, ‘டி’ இல்லை, ‘டு’. எறும்புகள் நடந்தன. ஸ்பேனர் கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து ஒரு தடவை சுழன்றது.

“ஒண்ணு” என்றார் டாக்டரம்மா. பிறகு, “ரெண்டு.” அதற்குப் பிறகு விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எடுத்தார்.

நாலு ஆண்கள் இழுத்தபோது இந்தத் தடவை அவர் லேசாக வந்தார். வாய் அந்தச் சொல்லின் கடைசி வடிவத்தில் கொஞ்சம் குவிந்திருந்தது. செபமாலையை இரண்டு பெண்கள் இறக்கிவிட்டார்கள், அவள் ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள், அவர் சட்டையில் நெஞ்சுப் பக்கம் இருந்த கிரீஸ் கறையைப் பெருவிரலால் ஒரு தடவை தேய்த்தாள், அது போகாது என்று அவளுக்குத் தெரியும். அழவில்லை. அழுகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் அழுதுகொண்டார்கள். அடக்கத்துக்குக் காலை இழுத்துக்கொண்டே நடந்தாள், பழக்கத்தில் நாலடி பின்னாலேயே நடந்தாள். கிளார்க் நோட்டோடு வந்து, எந்தத் தேதியைப் போட, அந்தச் சனிக்கிழமையா இந்தச் செவ்வாய்க்கிழமையா என்று கேட்டபோது, “அவரு சொல்லி முடிச்ச தேதியப் போடுங்க” என்றாள்.

மீன்காரிகள் திரும்ப ஐஸ் வாங்க ஆரம்பித்தார்கள். கப்ரியேல் வாடகை ஆட்டோவிலேயே ஏற்றினார், வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் செபமாலையே ஆள் அனுப்பி அவரை வரச்சொன்னாள். அவர் வந்தபோது அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் கோணி விரித்துக்கொண்டிருந்தாள். முகம் எப்போதும்போல இருந்தது.

“ஏறி உக்காருங்க அண்ணே.”

“நானா? எனக்கு இது தெரியாதேம்மா.”

“தெரிய ஒண்ணுமில்ல. சொல்றதச் செஞ்சாப் போதும். பிடின்னா பிடிக்கணும். விடுன்னாத்தான் விடணும், கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும்.”

கப்ரியேல் ஏறி உட்கார்ந்தார். பெடல் பக்கத்தில் தரை ரப்பர் ஒரு பாதத்தின் அளவுக்குத் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, அவர் அதைத் தொடாமல் காலை வைத்தார்.

அவள் முதலில் இடது பக்கம் போய், மரத்த காலைக் கையால் மடக்கி, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். அந்த நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி மூடுகிற பக்கம் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அவர் அதை முழுசாக மூடியிருந்தார், மூடிவிட்டுத்தான் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் அவள் அங்கேயே படுத்திருந்தாள். கையை நீட்டிப் புது டிஸ்க்கைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது, எண்ணெய்ப் பிசுக்கை முந்தானையால் துடைத்தாள்.

“என்னம்மா?” என்று மேலிருந்து கேட்டார் கப்ரியேல்.

“ஒண்ணுமில்ல. இது முடிஞ்சது. வலது பக்கம் ஒண்ணுதான் பாக்கி.”

வெளியே வந்து, சுற்றிப்போய், வலது சக்கரத்துக்கு அடியில் படுத்தாள். ரப்பர் குழாயை நிப்பிளில் செருகினாள், மறுமுனையைப் பாட்டிலில் விட்டாள். வாயில் திருகாணி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் உப்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது, அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். சந்தில் கத்திகள் மீன்மேல் நின்றன.

“அடி” என்றாள். “அடி. அடி.”

பெடல் தரையைத் தொட்டது.

“பிடி.”

குபுக், குபுக்.

அவள் நிப்பிளை மூடினாள், மூடியதை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள், பிறகு மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்தாள்.

“விடு.”

“கேட்டுச்சு” என்றார் கப்ரியேல்.

“இன்னும் காத்து இருக்கு” என்றாள் செபமாலை. “திரும்ப அடிங்க.”